ஜனவரிக்குள் புத்தகம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதல் புத்தகம் கொண்டுவரத் துடிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துவது, என் பிழைப்பு. நவம்பர் பிறந்தால் கோப்புகள் வந்து குவியும். ஜனவரியில் வரும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் முடித்தாக வேண்டுமே! அவற்றில் நிறைய, உங்களைப் போன்றவர்களின் முதல் தொகுப்புகள். "அர்ஜென்ட், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்" என்ற குறிப்போடுதான் வரும். படித்துக்கொண்டே போனால் இரண்டு மூன்று கதைகள் அசத்தலாக இருக்கும். மற்றவை இன்னும் இரண்டு தடவை திருத்தி எழுதியிருக்க வேண்டியவை. அதை எழுதியவரிடம் சொல்ல எனக்கு வழியில்லை. ஒற்றுப்பிழை பார்க்கத்தான் கூலி. எனவே இந்த மடல்.

உங்களில் பலர் பணம் கட்டிப் புத்தகம் போடுகிறீர்கள். அதில் கேவலம் ஒன்றுமில்லை. 'எழுத்து' இதழை நடத்திய எழுத்தாளர் சி.சு. செல்லப்பா தன் நூல்களைத் தானே அச்சிட்டு, சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். ஆனால் எத்தனை பிரதி அச்சானது, எத்தனை விற்றது, எத்தனை வீட்டில் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா? ஒரு காலத்தில் ஆயிரம் பிரதியாவது அடித்தால்தான் கட்டுப்படியாகும். இப்போது தேவைக்கேற்ப ஐம்பதோ நூறோ அடித்துக்கொள்ளலாம். உள்ளே 'முதல் பதிப்பு' என்று போட்டிருக்கும். எத்தனை பிரதி என்று பெரும்பாலும் போட்டிருக்காது. ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு (புத்தகத்தை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) என்று தனியாகக் காசு கேட்டால் உஷாராகிவிடுங்கள். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத்தான் தருகிறது. தானே வெளியிடும் எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம்.

சரி, ஏன் இந்த அவசரம்? சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருதுக்கு 35 வயதுதான் வரம்பு என்ற பதற்றம் சிலருக்கு. கி. ராஜநாராயணன் எழுதவே ஆரம்பித்தது கிட்டத்தட்ட அந்த வயதில்தான். அகாதெமி விருது அவருக்கு 1991இல் வந்தது. ஆனால் என் கணிப்பில் வயதைவிடப் பெரிய காரணம் மௌனம். கதையை அனுப்புகிறீர்கள், பதில் இல்லை. நன்றாக இருக்கிறது என்றோ குப்பை என்றோ யாரும் சொல்வதில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பணத்தைக் கட்டிவிடுகிறீர்கள். வேடிக்கை என்னவென்றால், புத்தகம் வந்த பிறகும் அதே மௌனம்தான். வெளியீட்டு விழாப் படங்களுக்கு விழுந்த விருப்பக்குறிகள் பிப்ரவரியில் ஓய்ந்துவிடும்.

இந்த மௌனத்தை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அது ஆளையே முடித்துவிடக்கூடியது. ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யை 1960களின் தொடக்கத்திலேயே எழுதி முடித்துவிட்டார். பதிப்பாளர் கிடைக்காமல் அது அச்சில் வந்தது 1972இல். இன்று தமிழின் மிகச்சிறந்த நாவல்களின் வரிசையில் அதை வைக்காதவர்கள் குறைவு. ஆனால் அதற்குப் பிறகு அவர் இன்னொரு நாவல் எழுதவில்லை. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று அவர் கதையைச் சிலர் ஊக்கத்துக்காகச் சொல்வதுண்டு. எனக்கு அதைக் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. மௌனத்தில் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்றுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

ஆகவே முதலில் மூன்று பேரைப் பிடியுங்கள். மாதம் ஒரு தடவை உட்கார்ந்து, எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். மூவரில் ஒருவராவது எழுதாத, வெறும் வாசகராக இருப்பது நல்லது; அவருக்குப் போரடித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்து நூலகத்திலோ தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளின் கூட்டங்களிலோ இப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள். தினமும் எழுத வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். வேலைக்குப் போய் வீட்டையும் பார்ப்பவர்களுக்கு அது எல்லா நாளும் நடக்காது. அடுத்த மாதம் படித்துக்காட்ட ஒன்று வேண்டுமே என்ற வெட்கம் இருந்தாலே போதும், எழுத்து நடக்கும்.

அப்புறம் இதழ்கள். காலச்சுவடு, உயிர்மை, கணையாழி போன்ற அச்சிதழ்கள் இருக்கின்றன. சொல்வனம், கனலி, மலேசியாவிலிருந்து வரும் வல்லினம் போன்ற இணைய இதழ்களும் உண்டு. அனுப்பும் முன் அந்த இதழை இரண்டு மாதமாவது படித்துப் பாருங்கள். அறிவியல் புனைவை வரவேற்கும் அரூ போன்ற இதழ் இருக்க, உங்கள் விண்வெளிக் கதையைக் கிராமியக் கதைகள் போடும் இடத்துக்கு ஏன் அனுப்ப வேண்டும்? யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். கையெழுத்துப் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸாப்பில் தட்டிவிட்டால் யாரும் உட்கார்ந்து படிக்கப் போவதில்லை. கதையை விளக்கிக் கடிதம் வேண்டாம். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்ப வேண்டாம். முகநூலில் முன்கூட்டியே போட்டுவிடவும் வேண்டாம். வெளியானதாகக் கருதிப் பல ஆசிரியர்கள் ஒதுக்கிவிடுவார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு ஒரு தடவை கேளுங்கள். பதில் இல்லையென்றால் "வேறு இதழுக்கு அனுப்புகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்பிவிடுங்கள். கோபம் வேண்டாம். சிறுபத்திரிகை ஆசிரியர்கள் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் உங்கள் கதையைத் திறப்பவர்கள். (பதில் போட ஒரு நிமிடம்தான் ஆகும் என்பதும் உண்மைதான். அது அவர்களுக்கு எழுத வேண்டிய வேறொரு மடல்.)

இதழில் வருவதால் இன்னொரு லாபம். காலச்சுவடு, உயிர்மை, நீலம் எல்லாம் இதழும் நடத்துகின்றன, பதிப்பகமும் நடத்துகின்றன. ஏழெட்டுக் கதைகள் நல்ல இதழ்களில் வந்துவிட்டால், தொகுப்பைக் காட்டும்போது நீங்கள் யார் என்று விளக்க வேண்டியிருக்காது.

பதிப்பகம் ஒப்புக்கொண்டதும் தலைகால் புரியாமல் போய், காகிதத்தில் எதையும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர்தான் முதல் உரிமையாளர். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதானால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் பொருள். எனவே 'நிரந்தரமாக', 'அனைத்து வடிவங்களிலும்' போன்ற சொற்களைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். மின்னூல், ஒலிநூல், திரைப்படம், மொழிபெயர்ப்பு இவற்றைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டதற்காக நல்ல பதிப்பாளர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராயல்டி, அதாவது விற்கும் பிரதிக்கு எழுதியவருக்குக் கிடைக்கும் பங்கு, வழக்கமாக விலையில் 10 சதவீதம். 200 ரூபாய் புத்தகம் ஆண்டுக்கு 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். வேலையை விட்டுவிடாதீர்கள்.

இந்த ஆண்டு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் மூன்று விஷயங்களை இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வையுங்கள்: எத்தனை பிரதி அச்சிடுவார்கள், எந்தெந்தக் கடைக்குப் போகும், அட்டையும் உள்பக்கங்களும் அடங்கிய இறுதிக் கோப்பு உங்களுக்குக் கிடைக்குமா. மெய்ப்பு வந்தால் "நீங்களே பார்த்துக்குங்க" என்று திருப்பி அனுப்பாமல் ஒரு தடவை முழுதாகப் படித்துவிட்டு அனுப்புங்கள். 'கண்ணன்' எட்டாம் பக்கத்தில் 'கண்ணப்பன்' ஆகிவிட்டால் அதில் எது சரி என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்புடன்,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்