நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கை நம்பியவர்களுக்கு

ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டிலும் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் வேலையை நடத்துகிற குழுக்களுக்கு,

வணக்கம். வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரிலிருந்து எழுதுகிறேன். கனடாவில் இருக்கும் வான்கூவர் இல்லை. கொலம்பியா ஆற்றின் வடகரையில், பாலத்தைத் தாண்டினால் போர்ட்லண்ட் வந்துவிடும், அந்த ஊர். வாஷிங்டனின் மூன்றாவது தொகுதி எங்களுடையது. ஆற்றின் இரு கரையிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களும் படிக்க வேண்டும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். அவர்களுக்காக ஒரு விளக்கம்: 2026 நவம்பர் 3 அன்று நடக்கவிருக்கும் இடைக்காலத் தேர்தல், தமிழ்நாட்டில் நாம் பார்த்த இடைத்தேர்தல் போன்றது அல்ல. அதிபரின் நான்கு வருடத்தின் நடுவில் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் செனட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் ஒன்றாக நடப்பது.

கணிப்புகள் வரத் தொடங்கிவிட்டால் உங்கள் அலுவலகங்களில் தொகுதிகளைப் பிரிக்கிற வேலை ஆரம்பித்துவிடும் என்று எனக்குத் தெரியும். இது ஜெயிக்கிற இடம், இது இழுபறி, இதற்குக் காசு வேண்டாம். 2022இல் நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம். அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

எங்கள் தொகுதியில் 2010இலிருந்து குடியரசுக் கட்சியின் ஜேமி ஹெரேரா பியூட்லர் ஜெயித்துக்கொண்டிருந்தார். 2021 ஜனவரியில், நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பிறகு, டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்த பத்துக் குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் அவர் ஒருவர். அந்தப் பத்துப் பேரில் நால்வர் மறுபடி நிற்கவே இல்லை. நால்வரைச் சொந்தக் கட்சிக்காரர்களே பிரைமரியில், அதாவது நவம்பருக்குப் போகும் வேட்பாளரை முடிவு செய்கிற முதற்கட்டத் தேர்தலில், தோற்கடித்தார்கள். மிஞ்சியவர்கள் இரண்டே பேர்.

எங்கள் மாநிலத்துப் பிரைமரி கொஞ்சம் வேறு மாதிரி. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் இருப்பார்கள். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நவம்பருக்குப் போவார்கள். 2022 ஆகஸ்டில் டிரம்ப்பின் ஆதரவு பெற்ற குடியரசுக் கட்சியின் ஜோ கென்ட், ஹெரேரா பியூட்லரைச் சுமார் ஆயிரம் ஓட்டில் முந்திக்கொண்டு இரண்டாம் இடத்துக்கு வந்தார். முதலிடம் ஜனநாயகக் கட்சியின் மேரி க்ளூசன்கேம்ப் பெரெஸுக்கு. கணவரோடு சேர்ந்து கார் ரிப்பேர் கடை நடத்திவந்தவர். ஆனால் குடியரசுக் கட்சிக்காரர்கள் எல்லோருடைய ஓட்டையும் கூட்டினால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதனால் நவம்பரில் கதை முடிந்தது என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற தேர்தல் கணிப்புத் தளம், பெரெஸ் ஜெயிக்க நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு என்றது.

பெரெஸ் ஜெயித்தார். வித்தியாசம் மூவாயிரம் ஓட்டு கூட இல்லை.

கணித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நூற்றுக்கு இரண்டு என்றால் நடக்காது என்று அர்த்தம் இல்லை என்பதை அவர்களே பல முறை சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் இருந்தவை தொகுதியின் பழைய கணக்கு, நாட்டின் மனநிலை, வேட்பாளர் திரட்டிய நிதி போன்றவைதான். அந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். வேட்பாளர் கையில் காசு குறைவு என்றால் கணிப்பில் எண் குறைகிறது. எண் குறைவு என்று நீங்கள் காசு தருவதில்லை. பிறகு அந்த எண்ணையே காட்டி, "பார்த்தீர்களா, அங்கே வாய்ப்பில்லை" என்கிறீர்கள். ஓட்டுப் போட வேண்டிய நாங்கள் இந்தச் சுற்றில் எங்குமே வருவதில்லை.

ஜனநாயகக் கட்சிக் குழுவுக்கு இப்போது நேரடியாகச் சொல்கிறேன். எங்கள் வேட்பாளருக்கு உங்களிடமிருந்து பெரிய உதவி எதுவும் வராத அதே 2022இல், மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் தொகுதியில் நாலு லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தீர்கள். எதிர்க்கட்சியின் பிரைமரியில். பதவிநீக்கத்தை ஆதரித்த பீட்டர் மையரை எதிர்த்து நின்ற ஜான் கிப்ஸ் குடியரசுக் கட்சிக்காரர்களிடம் எடுபடும்படி ஒரு விளம்பரம். தேர்தலே நியாயமாக நடக்கவில்லை என்று சொல்கிறவர் வந்தால் நவம்பரில் சுலபமாகத் தோற்கடிக்கலாம் என்பது உங்கள் கணக்கு. கிப்ஸ் பிரைமரியில் ஜெயித்தார். நவம்பரில் உங்கள் ஹிலரி ஸ்கோல்டன் ஜெயித்தார். கணக்குச் சரியாக வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று மேடையில் யாரைச் சொன்னீர்களோ, அவர் வளர நீங்களே தண்ணீர் ஊற்றினீர்கள். அது தப்பு. ஜெயித்ததால் சரியாகிவிடாது. அந்தக் காசில் பாதி இங்கே வந்திருந்தால், வெறும் தன்னார்வலர்களாக வீடு வீடாக அலைந்தவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

குடியரசுக் கட்சிக் குழுவுக்கும் சொல்ல வேண்டும். அந்த வருடம் சிவப்பு அலை, அதாவது உங்கள் கட்சிக்குப் பெரிய வெற்றி, வருகிறது என்று எல்லாப் பக்கமும் பேச்சு. அலை வரப்போகிறது என்று நம்பியதும் உங்கள் கட்சியில், அலை வந்த பிறகு நாற்காலி யாருக்கு என்ற சண்டை முதலில் வந்துவிட்டது. ஆகஸ்டிலேயே அப்போது செனட்டில் உங்கள் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல், செனட்டைப் பிடிப்பது கடினம், வேட்பாளர்களின் தரம் முக்கியம் என்று வெளிப்படையாகச் சொன்னார். செனட் தேர்தல் குழுவை நடத்திய ரிக் ஸ்காட் அதை வெளிப்படையாகவே மறுத்தார். நவம்பரில் உங்களுக்குக் கிடைத்தது பிரதிநிதிகள் சபையில் 222 இடம், செனட் கிடைக்கவில்லை. அந்தச் சிறு பெரும்பான்மையோடு கெவின் மெக்கார்த்தி சபாநாயகர் ஆக 15 சுற்று வாக்கெடுப்பு. ஒன்பதே மாதத்தில், 2023 அக்டோபரில், உங்கள் கட்சியின் எட்டுப் பேர் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து வாக்களித்து அவரை இறக்கினார்கள்.

உட்கட்சிப் பூசலே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்சிக்குள் வாதம் வேண்டும். 2025 நவம்பரில் எங்கள் பெரெஸ் சொந்தக் கட்சிக்காரர் ஒருவருக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். சிகாகோவின் சூய் கார்சியா, வேட்புமனு நேரம் முடிகிற சமயத்தில் விலகி, தன் அலுவலகத் தலைமை உதவியாளர் மட்டுமே களத்தில் இருக்கும்படி செய்துவிட்டார் என்பது விஷயம். கட்சித் தலைமை கார்சியா பக்கம் நின்றது. தீர்மானம் 236க்கு 183 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியிலிருந்து ஆதரித்தவர்கள் 23 பேர். பெரெஸின் எல்லா ஓட்டுகளோடும் எனக்கு உடன்பாடு இல்லை, சிலவற்றில் நிறைய வருத்தமும் உண்டு. ஆனால் இதில் அவர் செய்தது சரி. அந்த ஊர் மக்களுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்கிற உரிமைக்கான சண்டை அது. இப்படிப்பட்ட சண்டை நடக்கட்டும். நவம்பருக்கு முன்னாலேயே வெற்றியைப் பங்கு போடுகிற சண்டையைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு சம்பவம். 2024 அக்டோபர் 28 அதிகாலை எங்கள் ஊரில் ஃபிஷர்ஸ் லேண்டிங் பேருந்து நிலையத்தில் இருந்த ஓட்டுப்பெட்டிக்கு யாரோ தீ வைத்தார்கள். இங்கே வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும். நிரப்பித் தபாலிலோ இந்தப் பெட்டிகளிலோ போடுவோம். நூற்றுக்கணக்கான சீட்டுகள் கருகிவிட்டன. தேர்தலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கருகிய உறைகளில் படிக்க முடிந்த பெயர்களைத் தேர்தல் அலுவலகம் எடுத்து ஆட்களைத் தேடியது. பெட்டியில் போட்டவர்கள் மாற்றுச் சீட்டு கேட்டு மறுபடி நிரப்பினார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில், "உன் ஓட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டதா, இணையத்தில் பார்த்தாயா?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். யாருக்குப் போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தேர்தலில் தொகுதியில் அதிக ஓட்டு டிரம்ப்புக்கு. பிரதிநிதிகள் சபைக்கு மறுபடியும் பெரெஸ். ஒரே சீட்டில் இரண்டு கட்சிக்கும் போட்டவர்கள் எங்கள் பக்கத்து வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்?

அதிபரின் கட்சி இடைக்காலத் தேர்தலில் இடங்களை இழக்கும் என்பது பழைய பாடம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1998, 2002 இரண்டு முறைதான் அது மாறியது. அதை நம்பி ஒரு கட்சி சும்மா இருப்பதும், அதற்குப் பயந்து இன்னொரு கட்சி தொகுதி எல்லையைத் திருத்தி வரைவதும் எங்களிடம் வராமல் இருப்பதற்கான இரண்டு வழிகள்.

நான் கேட்பது பெரிதில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் பிரைமரியில் தேறிய உங்கள் வேட்பாளருக்கு, கணிப்பு என்ன சொன்னாலும், ஒரு குறைந்தபட்சத் தொகையை முன்கூட்டியே கொடுங்கள். எதிர்க்கட்சியின் பிரைமரியில் ஒரு டாலர் கூடச் செலவழிக்காதீர்கள். பிரைமரியில் தோற்றவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். எங்கள் மாநிலத்தில் தேர்தலுக்கு 18 நாள் முன்பே வாக்குச்சீட்டுகளை அனுப்பிவிடுவார்கள். அக்டோபர் பாதிக்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது தொகுதி வாக்காளர் ஒருவர்
வான்கூவர், வாஷிங்டன்