அம்மா கடலுக்கு வரேன்னு சொல்லிருச்சி

அடியே வாயாடி,

நல்லா இருக்கியா, ஒன் வீட்டுக்காரரு, புள்ளைங்க, மாமியா எல்லாம் சொகமா. இங்க வட்டவளையில எல்லாரும் சொகம், மழை விட்டிருக்கு, அவ்வளவுதான் நலம் விசாரிப்பு. வாட்ஸ்அப்ல வொய்ஸ் போட்டா ரெட்டை ஸ்பீடுல ஓடவிட்டு பாதிய கேக்காம ஒரு கட்டைவிரல போட்டுட்டு போறவ நீ, அதான் ஒக்காந்து டைப் பண்றேன். தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படி, கடைசியில ஒனக்கு வேல இருக்கு.

விசயம் என்னன்னா அம்மா கடலுக்கு வரேன்னு சொல்லிருச்சி.

ஏப்ரல் லீவுக்கு, வருசப்பிறப்பு முடிஞ்ச கையோட, கற்பிட்டிக்கு போறோம். கற்பிட்டி டவுன் இல்லடி, அதுக்கு வடக்கால கடலுக்கும் புத்தளம் களப்புங்குற கடலோர ஏரிக்கும் நடுவுல வரிசையா மணல் தீவுங்க இருக்கே, உச்சமுனை, பத்தலங்குண்டு அந்தப் பக்கம், அதுல ஒண்ணுல மூணு ராத்திரி. ஒரே எடத்துல மூணு ராத்திரி! நம்ம ஆளுங்க ட்ரிப் போறதுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியும்ல, பஸ்ஸப் புடிச்சு, அண்டா குண்டா ஏத்தி, பேஸ் பாக்ஸ் கட்டி, கதிர்காமம் ஒரு நாளு, திருகோணமலை ஒரு நாளு, போற எடமெல்லாம் பத்து நிமிசம் எறங்கி போட்டோ புடிச்சு மறுபடி ஏறி, வீட்டுக்கு வந்தா ரெண்டு நாளு லீவு போட்டுத்தான் எந்திரிக்க முடியும். இந்தத் தடவ நான் ஒரே ஒரு கண்டிசன் போட்டேன், எதையும் பாக்கப் போறதில்ல. ஒக்காரணும், சாப்பிடணும், தூங்கணும், தண்ணியில எறங்கணும், அவ்வளவுதான். இத சொன்ன ஒடனே வீட்டுல எல்லாரும் எனக்கு சொகமில்லையோன்னு பாத்தாங்க.

ஏப்ரல்ல கொழும்பே சாமான் சட்டியோட நுவரெலியாவுக்கு ஏறும், நாங்க மட்டும் எதிர்ப்பக்கம் எறங்குறோம், அதுல ஒரு சந்தோசம். அதுக்கு மட்டும் இல்ல, மே பொறந்துட்டா தென்மேற்குப் பருவக்காத்து அங்க வந்து அறையும், பட்டத்தக் கட்டிக்கிட்டு கடல்ல சறுக்குற வெள்ளைக்காரங்களுக்கு அதுதான் சீசன், அம்மா மாதிரி ஆளுக்கு சேலைய புடிச்சிட்டு நிக்கவே நேரம் பத்தாது. நவம்பர்லேந்து ஏப்ரல் வரைக்கும்தான் கடல் கொஞ்சம் அடங்கி இருக்கும், டொல்பின் பாக்க போட் போறதும் அப்பதான். பாக்கப் போறதில்லன்னு சொன்னேன்தான், டொல்பின் கணக்குல சேராது.

பத்தாம் ஆண்டு புள்ளைங்களுக்கு புவியியல் படிச்சுக் குடுத்து எனக்கு இந்தத் தீவு மேல பைத்தியமே புடிச்சிருச்சி. அலையும் நீரோட்டமும் மணல கொண்டாந்து கொட்டிக் கொட்டி எழுப்பின நெலம்டி அது. ஒரு காத்துக்கு ஒரு பக்கம் அரிக்கும், அடுத்த காத்துக்கு இன்னொரு பக்கம் சேரும், அதனால அது நிலையா நிக்கிற மாதிரி தெரிஞ்சாலும் நகந்துக்கிட்டேதான் இருக்கும். பெரிய அலை வந்தா மொத அடிய அதுதான் வாங்கும், பின்னால களப்பு கம்முனு கெடக்கும், அந்தக் களப்புலதான் கண்டல் மரம், கடல் புல்லு, றால் குஞ்சு எல்லாம். நீ கொட்டாவி விடுறது இங்க கேக்குது, சரி விடுறேன்.

அம்மா மொதல்ல கேட்டது இதெல்லாம் இல்ல, "அங்க பீலி இருக்கா?" மலையில பொறந்த சனத்துக்கு தண்ணின்னா மேலேருந்து வந்து விழணும். நான் சொன்னேன், பெய்யிற மழை மணலுக்குள்ள எறங்கி உள்ள இருக்குற உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துக்கிட்டு நிக்கும், நல்ல தண்ணிக்கு கனம் கொறவு, அதனால கெணறு ஆழமா தோண்டாம மேலாப்புல எடுத்தா நல்ல தண்ணி, பேராசைப்பட்டு மோட்டர் போட்டு இழுத்தா கீழ இருக்குற உப்பு ஏறி வந்துரும்னு. அம்மா நம்பல. அதனால குடிக்கிற தண்ணி கேன் கேனா போட்ல ஏத்துறதா முடிவு. அடுத்த கேள்வி, "அட்டை இருக்குமா?" நான் வாயத் தொறக்கும் முன்ன சின்னவன், "இருக்கு அம்மாச்சி, கடல் அட்டை, ஒவ்வொண்ணும் வெள்ளரிக்கா தண்டிக்கு இருக்கும்"னுட்டான். அன்னைக்கு முழுக்க ட்ரிப் கேன்சல்.

இதெல்லாம் சும்மா சாக்குடி. உண்மையான காரணம் வேற, எனக்கே போன மாசந்தான் தெரியும்.

அம்மா கடலைப் பாத்தது ஒரே ஒரு தடவ, தலைமன்னார்ல. பெரியம்மா கட்டிப் போன குடும்பம் இந்தியாவுக்குப் போக எழுதிக் குடுத்த குடும்பம். 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்ம தோட்டத்து சனத்த பிரிச்சுக்க ஒப்பந்தம் போட்டு, எழுபதுகள்ல சனத்த ரயில் கோச்சி கோச்சியா ஏத்தி அனுப்பினாங்களே, அதுல. தாத்தா அம்மாவையும் கைய புடிச்சி பொல்கஹவெலயில கோச்சி மாறி தலைமன்னார் வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்காரு. அப்ப அம்மாவுக்கு பத்துப் பதினோரு வயசு இருக்கும். அக்கா தகரப் பொட்டியோட கப்பல்ல ஏறுனதும், திரும்பி வர்ற கோச்சியில தாத்தா ஒரு வார்த்த பேசாம வந்ததும் ஞாபகம் இருக்காம், கடல் என்ன கலர்ல இருந்துச்சுன்னு கேட்டா தெரியலங்குது. பெரியம்மா கூடலூர் பக்கம் டேன்டீங்குற தமிழ்நாட்டு அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறேன்னு கொஞ்ச வருசம் கடுதாசி போட்டுச்சாம். 84ல கப்பலும் நின்னுச்சு, கடுதாசியும் நின்னுச்சு. 2023ல நம்ம சனம் இங்க வந்து எரநூறு வருசம்னு, மலையகம் 200ன்னு பேர் வச்சு, தலைமன்னார்லேந்து மாத்தளைக்கு நம்ம சனம் நடந்தாங்களே, நான் போன்ல அந்த வீடியோவ காட்டுனேன், அப்பவும் இந்தப் பொம்பள வாயத் தொறக்கல, "பாவம் கால் வலிக்கும்"னு மட்டும் சொல்லுச்சு.

போன வாரம் அடுப்படியில இருக்கேன், பின்னால வந்து நின்னு கேக்குது, "நீ சொல்ற எடத்துலேந்து பாத்தா இந்தியா தெரியுமாடி?" தெரியாதும்மா, தூரம்னேன். "அப்ப சரி, வரேன்."

ஏன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா அழுதிருப்பேன், அப்புறம் நீ சோனல் மீட்டிங்ல அழுததுக்கும் நான் அழுததுக்கும் என்ன வித்தியாசம்.

வரேன்னு சொன்னாலும் மூணு நாளு சும்மா ஒக்காரணும்ங்கிறத அதால ஏத்துக்கவே முடியல. "சும்மா ஒக்காந்திருக்க சம்பளமா குடுக்கப் போறாங்க?"ங்குது. தோட்டத்துல பேர் வெட்டி வேலையிலேந்து நின்னு எத்தன வருசம் ஆச்சு, இன்னும் விடியக்காலையில நாலு மணிக்கு எந்திரிச்சி ரொட்டி சுடுது, ஞாயித்துக்கெழம கைக்காசுக்கு கொழுந்து எடுக்க போயிருது, சொன்னா சண்ட. பெருவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல கொழுந்துக் கறை கறுப்புக் கோடா ஓடுது பாரு, அது தேய்ச்சாலும் போகாது. உப்புத்தண்ணியில போயிருமான்னு பெரியவ கேக்குறா. அந்த வெரலுக்கு மூணு நாளு வேல இல்லாம இருந்து பாக்கணும், இந்த ட்ரிப்போட மொத்த நோக்கமே எனக்கு அதுதான், மத்தவங்களுக்கு இத சொல்லல.

மத்தவங்க கத வேற. அப்பாவுக்கு முன்னேஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போகாம அந்தப் பக்கம் போறது பாவம். மாமிக்கு தலவில அன்னம்மா கோயில்ல ஒரு மெழுகுதிரி, நம்ம சாமியா அவங்க சாமியான்னு பேச்சே இல்ல, நேத்தி வச்சா வச்சதுதான். (நல்லவேள, திருவிழா மார்ச்சும் ஆகஸ்டும், ஏப்ரல்ல கூட்டம் இருக்காது.) கொழுந்தன் அப்படியே வில்பத்து காட்டையும் பாத்துட்டா என்னங்குறாரு. மாமி ரைஸ் குக்கர பேக் பண்ணி வச்சாச்சு, அங்க சோலார்ல பல்பு எரியிறதே பெருசு, குக்கர எங்க சொருகுறதுன்னு என் வீட்டுக்காரரு கேட்டாரு, "மீன் புடிக்கிறவங்க வீட்டுல கரண்ட் இல்லாமயா இருக்கும்"னு பதில். ரிலாக்ஸாம் ரிலாக்ஸ். முன்னேஸ்வரத்துக்கும் அன்னம்மாவுக்கும் தலையாட்டிட்டேன், ரெண்டும் போற வழி. வில்பத்துவுக்கு கொழுந்தன் நடந்து போகட்டும்.

பயம் ஒண்ணே ஒண்ணு, பயலுக. ஆத்துல குதிச்சு வளந்ததுங்க, நீச்சல் தெரியும்னு நெனப்பு. ஆறு ஒரு பக்கமா இழுக்கும், எங்க இழுக்கும்னு தெரியும். கடல்ல கரைக்கு ஏறுன தண்ணி திரும்பிப் போக ஒரு வழிய புடிச்சுக்கும், அலை இல்லாம அமைதியா தெரியிற எடந்தான் பல நேரம் அந்த வழி. அதுல மாட்டுனா கரைய பாத்து நீந்தி மல்லுக்கட்டக் கூடாது, கரையோரமாவே பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்து அப்புறம் திரும்பணும். இத சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, சின்னவன் மனப்பாடம் பண்ணி திருப்பிச் சொல்றான், அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. கடல் பக்கம் கால நனைக்கிறதோட சரி, குளிக்கிறது களப்புப் பக்கம், போட்ல ஏறுனா லைஃப் ஜாக்கெட், இது சட்டம். ஒன் மகனுக்கும் இது சட்டம்.

ஆமா, ஒன் மகனுக்கும்தான். வேன் கினிகத்தேனை, அவிசாவளை வழியா எறங்கி வத்தளைக்கு வரும், நீர்கொழும்பு ரோட்டுல ஒங்க நாலு பேரையும் ஏத்திக்கிட்டு சிலாபம் போய், புத்தளம் டவுனுக்கு முன்னால பாலாவியில இடப்பக்கம் திரும்பி, நுரைச்சோலை தாண்டி கற்பிட்டி. ஒன் வீட்டுக்காரருக்கு வருத்தமா இருந்தா அவர் பைக்ல பின்னால வரட்டும். சாப்பாட்டுக்கு கவலையே வேணாம், நம்ம லயத்துக்கு பழைய பேப்பர்ல சுத்தி வர்ற கருவாடு அங்க பச்சையா மீனா கெடைக்கும், அம்மா அதையும் நம்பல, நம்ம பக்கம் தேங்கா சம்பலும் மாசிக் கருவாடும் கட்டிட்டுதான் வரும், வேணாம்னு சொல்லாத.

எடம் குடுக்குறவர் அட்வான்ஸ் கேக்குறாரு, போட்டோவுல ஊஞ்சல் ஒண்ண பத்து கோணத்துல எடுத்து அனுப்பியிருக்காரு, டொய்லட்ட மட்டும் ஒரு தடவ கூட காட்டல. அம்மாவுக்கு முட்டி மடங்காது, கொமட் இல்லாம ஒண்ணும் நடக்காது. நீதான் அதட்டிப் பேசுறவ, ஒனக்கு சிங்களமும் என்னைய விட நல்லா வரும், நம்பர வாட்ஸ்அப்ல போடுறேன், கூப்ட்டு டொய்லட் போட்டோ வாங்கு, அப்புறம் விலைய கொறை. வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லு, வேன்காரன் ஆள் கணக்கு கேக்குறான். அந்த மடக்குற கதிர ரெண்டு ஒங்க வீட்டு மேல்மாடியில இருந்துச்சே, அத தேடி வை, ஒண்ணு அம்மாவுக்கு.

கட்டைவிரல் மட்டும் போட்ட, நேர்ல வந்து ஒடைப்பேன்.

இப்படிக்கு,
வட்டவளைக்காரி