சைனைடு மேட்டைத் தோண்டறதுக்கு முன்னாடி எங்க மூச்சையும் கொஞ்சம் அளந்துடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பத்திரிகைல கர்நாடகத்துல இருக்கற எங்க கோலார் தங்கவயல் பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன், நல்லாதான் எழுதியிருந்தாங்க, 2001 பிப்ரவரி 28ல மைன்ஸ் மூடினது, தங்கம் எடுத்துட்டு கழிவக் கொட்டி வச்ச 13 சைனைடு மேட்டையும் மறுபடி தோண்டி தங்கம் எடுக்க மத்திய அரசு கேட்டதுக்கு 2024 ஜூன்ல கர்நாடக அமைச்சரவை சரின்னு சொன்னது, ஆயிரம் ஏக்கருக்கு மேல நிலம், மூணு கோடி டன்னுக்கு மேல மண்ணு, எல்லாம் இருந்துச்சு. ஆனா முழுக் கட்டுரைலயும் தூசிங்கற வார்த்தை ஒரு தடவ கூட வரல. அதனால தான் இத எழுதறேன்.

நான் சாம்பியன் ரீஃப்ஸ்ல மைன்ஸ் தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டிக் குடுத்த லைன் வீட்ல பொறந்து வளந்தவன். அப்பா அண்டர்கிரவுண்ட்ல டிரில்லர், பாறைல தொளை போடற வேலை. தாத்தா வடாற்காட்டுப் பக்கத்துலேந்து வந்து மைன்ஸ்ல சேர்ந்தவரு. நான் மட்டும் படிச்சிட்டு முப்பது வருசம் பெங்களூருக்கு ரயில்ல போய்ட்டு வந்து வேலை பாத்து ரிட்டயர் ஆனேன். எங்க ஊர்ல ஆடிக் காத்து அடிச்சா என்னாகும்னு உங்க நிருபருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, அவர் வந்தது டிசம்பர்ல போல, போட்டோல ஸ்வெட்டர் போட்டிருக்கார். ஆடில வாங்க. காயப்போட்ட வேட்டி, கொடத்துத் தண்ணி, சோத்துத் தட்டு எல்லாத்துலயும் அந்த சாம்பல் கலர் மாவு படிஞ்சிருக்கும். சின்ன வயசுல நாங்க அந்த மேட்டு மேல ஏறி தகரத்துல ஒக்காந்து சறுக்கி வெளையாடுவோம், அம்மா தொடப்பக்கட்டய எடுத்துட்டு வருவாங்க, அவங்களுக்கு பயம் பேர்ல தான், சைனைடுன்னா விஷம்னு.

உண்மைல சைனைடு அவ்ளோ நாள் நிக்காது, வெயிலும் காத்தும் பட்டா பெரும்பாலும் செதஞ்சிடும். நிக்கறது கல்லுமாவு. தங்கம் இருக்கற வெள்ளக்கல்ல மில்லுல போட்டு மாவா அரைச்சு, சைனைடு தண்ணில தங்கத்தக் கரைச்சு எடுத்துட்டு மிச்சத்தக் கொட்டினது தான் அந்த மேடு. அந்தக் கல்லுல பெரும்பகுதி சிலிக்கா. கண்ணுக்குத் தெரியற தூசி மூக்கோட நின்னுடும், தெரியாத நைசு தான் நுரையீரல் அடிமட்டம் வரைக்கும் போய் உக்காந்து தழும்பாக்கும், அதுக்குப் பேரு சிலிக்கோசிஸ். நுரையீரல் போனா திரும்ப வராது, குணமாக்க மருந்தும் கிடையாது.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்ல சார். 1940கள்ல அரசாங்கமே எங்க தங்கவயல்ல 7,653 தொழிலாளிங்கள சோதிச்சுப் பாத்துச்சு, நூத்துல நாப்பது பேருக்கு மேல சிலிக்கோசிஸ். இந்தியாவுல இந்த நோயப் பத்தி வந்த முதல் பெரிய ஆய்வுகள்ல இதுவும் ஒண்ணு, எங்க ஊரு நுரையீரல வச்சு தான் நாடே படிச்சுது. ஆனா எங்கப்பாவுக்கு 80கள்ல இருமல் வந்தப்ப ஒரு ஆஸ்பத்திரில டி.பி.ன்னு எழுதி ஒன்றரை வருசம் மாத்திர குடுத்தாங்க. வேற ஒரு டாக்டர் எக்ஸ்ரேய வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, மைன்ஸ்ல டிரில்லரான்னு ஒரே கேள்வி தான் கேட்டார்.

சரி, இதுல அரசாங்க ஆராய்ச்சி எங்க வருதுன்னு கேப்பீங்க. தங்கவயல் மாதிரி ஆராய்ச்சி நடந்த மைன்ஸ் நாட்டுல கம்மி. மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம், அடில பாறையத் தொட்டா கை சுடும், மேல இருக்கற எடை தாங்காம பாறை தானா வெடிக்கும், ராக் பர்ஸ்ட், எங்க பெருசுங்க ஏர் பிளாஸ்ட்னு சொல்லும். ராத்திரி வீட்ல பாத்திரம் உருண்டா போதும், அம்மாங்க எல்லாம் ஆளுங்க எறங்கி ஏறற ஷாஃப்ட் பக்கம் ஓடுவாங்க. அந்த அனுபவத்த விட்டுடக்கூடாதுன்னு தான் 1988ல மத்திய சுரங்க அமைச்சகம் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனத்த எங்க ஊர்லயே தொடங்குச்சு, இப்ப அது அணைக்கட்டு, டன்னலுன்னு நாடு பூரா வேலை பாக்குது, தலைமையிடம் பெங்களூருக்குப் போயாச்சு. அதே மைன்ஸ்க்குள்ள தான் 1965ல டாட்டா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிங்க, எதுலயும் சிக்காம ஊடுருவிப் போற நியூட்ரினோங்கற நுண்துகளப் புடிச்சாங்க, அதுல எங்க ஊருக்கு இன்னிக்கும் பெருமை. 1990ல சுரங்கத் தொழிலாளர் உடல்நலத்துக்குன்னு தனியா ஒரு தேசிய நிறுவனம் வந்துச்சு, நாக்பூர்ல இருந்துச்சு. பின்னாடி மத்திய அமைச்சரவை அதக் கலைச்சு அகமதாபாத்ல இருக்கற தொழில்சார் உடல்நல நிறுவனத்தோட சேர்த்துட்டாங்க. ரெண்டும் ஒரே மாதிரி வேலை தானேன்னு காரணம். கணக்குல சரியா இருக்கலாம். ஆனா பஞ்சாலை, தோல் பட்டறை, பூச்சிமருந்து எல்லாத்தையும் பாக்கற எடத்துல மைன்ஸ்காரன் எத்தனாவது ஃபைலு?

இந்த மாதிரி கலைக்கறதுல அமெரிக்காக்காரன் நமக்கு அண்ணன். 1907 டிசம்பர்ல மோனங்கான்னு ஒரு ஊர்ல நிலக்கரி மைன்ஸ் வெடிச்சு 362 பேர் செத்தாங்க, அதே மாசம் இன்னொரு எடத்துல 239 பேர். அதுக்கப்புறம் தான் 1910ல பீரோ ஆஃப் மைன்ஸ்னு ஒரு அரசாங்க அமைப்ப ஆரம்பிச்சாங்க. கேஸ் இல்லாம வெறும் நிலக்கரித் தூசி வெடிக்காதுன்னு நெறைய மைன்ஸ் மொதலாளிங்க அடிச்சுப் பேசிட்டிருந்த காலம், இவங்க என்ன பண்ணாங்கன்னா புரூஸ்டன்ங்கற எடத்துல சொந்தமா ஒரு மைன்ஸே தோண்டி, 1911ல எல்லாரையும் கூப்பிட்டு வச்சு வெடிச்சுக் காட்டினாங்க. அப்புறம் சுண்ணாம்புக்கல் பொடியத் தூவினா வெடி பரவாதுன்னும் காட்டினாங்க. எந்த மொதலாளி தன் காசுல மைன்ஸ் தோண்டி தானே வெடிச்சுப் பாப்பான்?

எனக்கு அதுல பிடிச்சது வேற ஒண்ணு. தங்கத்தக் கரில ஒட்ட வச்சு திரும்பப் பிரிச்சு எடுக்கற முறைய 1950கள்ல உருப்படியா ஆக்கினது அதே பீரோ தான், மண்ணக் குவிச்சு வச்சு மேல சைனைடு தண்ணி தெளிச்சு தங்கம் எடுக்கறதயும் அவங்க தான் ஆராய்ச்சி பண்ணாங்க. டன்னுக்கு ஒரு கிராம் கூட தேறாத எங்க மேட்டுக்கு இன்னிக்கு வெலை வந்திருக்குன்னா அதுக்கு அந்த மாதிரி ஆராய்ச்சி தான் காரணம். அதே பீரோவோட ஆளுங்க ஒருபக்கம் 1914, 15லயே ஜாப்ளின்ங்கற ஊர்ப் பக்கம் ஜிங்க் மைன்ஸ்ல தொழிலாளி நுரையீரலப் பாத்துட்டு தண்ணி விட்டு டிரில் பண்ணுங்கன்னு சொன்னாங்க. தங்கமும் நுரையீரலும் ஒரே ஆபீஸ். 1995ல அவங்க நாடாளுமன்றம் செலவக் குறைக்கறோம்னு அந்த பீரோவ மூடினப்ப ஒருத்தன் அங்க போனான், ஒருத்தன் இங்க போனான், ஆயிரம் பேர் கிட்ட வீட்டுக்குப் போனாங்க. பாதுகாப்புப் பிரிவு மட்டும் வேற துறைக்குப் போய்த் தப்பிச்சுது, அதுக்கும் 2025 ஏப்ரல்ல ஆட்குறைப்பு நோட்டீஸ்.

அந்த பீரோவத் தலைல தூக்கி வச்சு ஆடறேன்னு நெனைக்காதீங்க. ஜாப்ளினுக்குப் பக்கத்துல பிச்சர்னு ஒரு ஊரு, ஒக்லஹோமா மாநிலம், அங்க 1927ல அதே பீரோ ஒரு கிளினிக் தொறந்து ஆயிரக்கணக்கான பேர எக்ஸ்ரே எடுத்துச்சு. நோய்னு தெரிஞ்சவனுக்கு நஷ்டஈடு வரல, வேலை தான் போச்சு, நோய் இல்லன்னு கிளினிக் கார்டு இல்லாதவன வேலைக்கு எடுக்க மாட்டேன்னுட்டான் மொதலாளி. மைன்ஸ் மூடினப்புறம் எங்க ஊரு மாதிரியே மலை மலையா கழிவு நின்னுச்சு, எங்கள மாதிரியே அந்த ஊருப் பசங்களும் அதுல சறுக்கி வெளையாடுச்சுங்க, அங்க ஈயம் வேற, 90கள்ல பாத்தா மூணுல ஒரு கொழந்தைக்கு ரத்தத்துல ஈயம் அதிகம். கடைசில அரசாங்கமே வீட்ட எல்லாம் வெலைக்கு வாங்கி ஆளுங்கள அனுப்பிச்சு 2009ல அந்த ஊர் நகராட்சியே இல்லாம போச்சு.

அதனால நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. ஜேசிபி வர்றதுக்கு ஒரு வருசம் முன்னாடியே மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப்ஸ், கோரமண்டல் பக்கம் தூசி அளக்கற மிஷின் வைக்கணும், ஒரு ஆடி, ஒரு தை ரெண்டும் அதுல வரணும். மேட்ட ஒட்டி இருக்கறவங்களுக்கு எக்ஸ்ரே, மூச்ச ஊத வச்சு அளக்கற ஸ்பைரோ டெஸ்ட் எடுக்கணும். எடுக்கறது குத்தகைக்காரன் கூட்டிட்டு வர்ற கம்பெனியா இருக்கக்கூடாது, அரசாங்க நிறுவனமா இருக்கணும், அகமதாபாத்லேந்து வரட்டும், பரவால்ல, நாங்க சோறு போடறோம். ரிசல்ட் தமிழ்லயும் கன்னடத்துலயும் லைன் வீட்டு செவுத்துல ஒட்டணும். முன்னாடியே அளக்காம தோண்டிட்டா அப்புறம் எவனுக்கு இருமல் வந்தாலும் இது பழைய மைன்ஸ் தூசிப்பான்னு சொல்லிட்டுப் போய்டுவாங்க, இல்லன்னு காட்ட எங்க கைல ஒரு நம்பர் இருக்காது.

வேலை வரட்டும், நான் வேண்டாம்னு சொல்லல, எங்க பசங்க விடியக்காலைல மாரிக்குப்பத்துலேந்து ரயில் ஏறி ராத்திரி வர்றத நிறுத்தினா நல்லது தான். உங்க நிருபர் அடுத்த தடவ அதிகாரிங்களப் பாக்கும்போது எத்தன கிலோ தங்கம்னு கேக்கறதோட எத்தன மில்லிகிராம் தூசின்னும் கேக்கச் சொல்லுங்க. அப்பாவோட எக்ஸ்ரே ஃபிலிம் இன்னும் டிரங்குப் பெட்டில இருக்கு, வந்தார்னா காட்டறேன், ஆடில வரச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு டிரில்லர் மகன்,
சாம்பியன் ரீஃப்ஸ், கோலார் தங்கவயல்.