எந்தச் சிற்றினம், எந்த எலி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா நோய்க்கான மருந்தொன்று எலிகளிடம் வெற்றி கண்டிருப்பதாகத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான செய்தியைப் படித்தேன். நடை தெளிவாகவே இருந்தது. ஆனால் சோதனைக்கு எடுத்துக்கொண்டது லீஷ்மேனியாவின் எந்தச் சிற்றினம் என்பதும், அந்த எலி எந்தக் கால்வழியைச் சேர்ந்தது என்பதும் அதில் ஓரிடத்திலும் இல்லை. இவ்விரண்டும் தெரியாமல் அச்செய்தியை வைத்து வாசகர் எந்த முடிவுக்கும் வர இயலாது. அகத்தியமலைத் தொடரின் தென்முனையில் வாழும் நம் மாவட்டத்தாருக்கு இது கல்லூரிப் பாடத்தோடு முடிகிற செய்தியும் அன்று.

லீஷ்மேனியா என்பது ஒருசெல் ஒட்டுண்ணிகளின் ஒரு பேரினத்தின் பெயர். நோயாளியின் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அதன் சிற்றினங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாது. எல்லாமே நோயெதிர்ப்புச் செல்களுக்குள் புகுந்து அங்கேயே பெருகும் சிறு நீள்வட்ட உருக்கள்தாம். வேறுபாடு தெரிவது அவை விளைவிக்கும் நோயில். ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கப்படும் ‘பால்ப்-சி’ என்னும் வெள்ளை எலியின் பாதத்தில் லீஷ்மேனியா மேஜர் என்ற சிற்றினத்தைச் செலுத்தினால் பாதம் வீங்கிப் புண்ணாகி, ஒட்டுண்ணி உள்ளுறுப்புகளுக்கும் பரவி எலி இறந்துபோகும். அதே ஒட்டுண்ணியை அதே அளவில் ‘சி57’ என்னும் கறுப்பு எலிக்குச் செலுத்தினால் புண் தோன்றிச் சில வாரங்களில் தானே ஆறிவிடும். இரண்டு எலிகளின் டி-செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களும் இருவேறு வழிகளில் எதிர்வினை செய்வதே இதற்குக் காரணம் என்பது 1980களின் இறுதியில் தெளிவாயிற்று. இன்றும் நோயெதிர்ப்பியல் மாணவர்கள் படிக்கும் முதற்பாடங்களுள் அது ஒன்று.

சிற்றினத்தை மாற்றினால் அந்தப் பாடம் அப்படியே நிற்பதில்லை. லீஷ்மேனியா அமேசானென்சிஸைச் செலுத்தினால், மேஜரை எளிதில் வென்ற அந்தக் கறுப்பு எலிக்கும் புண் ஆறாமல் நாட்பட்டு நிற்கிறது. மாறாக, லீஷ்மேனியா பிரேசிலியென்சிஸைச் செலுத்தினால், மேஜரால் மாண்டுபோகும் வெள்ளை எலிக்குக்கூடப் பெரும்பாலும் சிறு புண்ணே தோன்றி ஆறிவிடுகிறது. எலியிடம் இவ்வளவு சாதுவாக நடந்துகொள்ளும் இதே சிற்றினம்தான் தென் அமெரிக்காவில் மனிதரின் மூக்குத்தண்டையும் அண்ணத்தையும் அரித்துச் சிதைப்பது. எலியிடம் கண்ட வீரியத்தை வைத்து மனிதருக்கு வரும் ஆபத்தை அளக்க முற்படுவோர் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலை உண்டாக்கும் லீஷ்மேனியா டோனோவானியோ இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. வெள்ளை எலியின் சிரை வழியாக அதைச் செலுத்தினால் கல்லீரலில் முதலில் மிகுதியாகப் பெருகி, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அங்கே எலியின் நோயெதிர்ப்பாற்றலாலேயே அடங்கிவிடுகிறது. மண்ணீரலில் மட்டும் நீண்ட காலம் தங்குகிறது. எலி வெளிப்பார்வைக்கு நோயுற்றதாகவே தெரிவதில்லை. ஹாம்ஸ்டர் என்னும் பிராணிக்கு அதையே செலுத்தினால் வயிறு வீங்கி, உடல் மெலிந்து, இரத்தசோகை கண்டு, மனித நோயாளியைப் போலவே இறுதியில் இறந்துவிடுகிறது. இப்போது அந்த மருந்துச் செய்திக்கு வருவோம். தானே தெளிந்துவிடக்கூடிய கல்லீரலில் ஒட்டுண்ணி குறைந்தது என்பதும், சாகவேண்டிய ஹாம்ஸ்டர் பிழைத்தது என்பதும் ஒரே எடையுள்ள செய்திகளா? ஆய்வாளர்கள் மருந்து கொடுக்காத விலங்குகளையும் ஒப்பீட்டுக்காக வைத்தே கணக்கிடுகிறார்கள். அந்த ஒப்பீடுதான் செய்தித்தாளுக்கு வரும் வழியில் உதிர்ந்துவிடுகிறது.

இவ்வளவு வேறுபாட்டுக்குக் காரணம் சிற்றினங்களின் மரபணுக்கள் பெரிதும் வேறாயிருப்பதுதான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் மேஜர், டோனோவானியின் நெருங்கிய உறவான இன்ஃபாண்டம், பிரேசிலியென்சிஸ் ஆகிய மூன்றின் மரபுத் தொகுதிகளையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வு, 8,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களில் ஏறத்தாழ 200 மட்டுமே ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவை என்று காட்டியது. அந்தச் சிலவற்றுள் ஒன்று ஏ2 என்னும் மரபணு. உள்ளுறுப்பில் வாழும் டோனோவானியில் அது செயல்படுகிறது. தோலோடு நிற்கும் மேஜரில் அது சிதைந்த வடிவில் கிடக்கிறது. விருந்தோம்பும் விலங்கின் பங்கும் சிறிதன்று. டோனோவானிக்குத் தொடக்கத்திலேயே இடம் கொடுத்துவிடும் குறையுள்ள ஒரு மரபணு வெள்ளை எலி, கறுப்பு எலி இரண்டிடமுமே உண்டு. ஆகவே மேஜர் விஷயத்தில் அவை நேர் எதிராக நடந்துகொள்வதை அந்த மரபணுவால் விளக்க முடியாது. ஒரு சிற்றினத்திடம் கற்றதை அடுத்த சிற்றினத்துக்கு அப்படியே பொருத்த முடியாமற்போவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

உறவினத்தை வைத்துச் செய்யும் சோதனை பயனற்றது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். நம் ஊர்களில் முதியோர் நன்கறிந்த யானைக்கால் நோயையும் ஓதத்தையும் உண்டாக்கும் வூச்சரேரியா பான்கிராஃப்டி என்ற புழுவை, வழக்கமான ஆய்வக எலிகளில் வளர்க்க இயலாது. அதனால் பருத்தி எலியின் மார்புக் குழியில் வாழும் லிட்டோமோசாய்டெஸ் என்ற வேறொரு புழுவை வைத்தே 1947-இல் டி.இ.சி. என்னும் யானைக்கால் நோய் மருந்தின் ஆற்றலைக் கண்டறிந்தார்கள். அந்த எலிக்குக் கால் வீங்குவதில்லை. ஆயினும் அரசுப் பணியாளர்கள் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்த மாத்திரை அதிலிருந்து பிறந்ததுதான். இரத்தத்திலுள்ள புழுக்குஞ்சுகளை அழிக்கிறதா என்ற குறுகிய கேள்வியை மட்டும் அந்த விலங்கிடம் கேட்டதால், விடையும் சரியாகக் கிடைத்தது.

இனி நம் மலைக்கு வருகிறேன். 1903-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவான் மண்ணீரலிலிருந்து கண்டெடுத்த ஒட்டுண்ணிக்குத்தான் ரொனால்டு ராஸ் லீஷ்மேனியா டோனோவானி என்று பெயரிட்டார். பிகாரில் அந்த ஒட்டுண்ணி கருங்காய்ச்சலுக்குக் காரணமாகவே அறியப்பட்டது. ஆனால் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் கேரளப் பகுதியில் வாழும் காணி என்னும் பழங்குடி மக்களிடையே காணப்பட்ட தோல்புண்களுக்குக் காரணம் அதே டோனோவானி என்று 2015-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடலுக்கு அப்பால் இலங்கையிலும் தோல்நோய்க்குக் காரணம் அதுவே. இலங்கையில் தோல்புண்ணிலிருந்து எடுத்த டோனோவானியையும் உள்ளுறுப்பு நோயாளியிடமிருந்து எடுத்த டோனோவானியையும் எலிகளுக்குச் செலுத்தி ஒப்பிட்டு 2014-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முன்னது கல்லீரலிலும் மண்ணீரலிலும் நிலைக்கவில்லை. பின்னது நன்கு பெருகியது. ஆக, உறவுச் சிற்றினங்களுக்கிடையே மட்டுமின்றி ஒரே சிற்றினத்துக்குள்ளும் இந்தப் பிரிவு உண்டு. மறுபுறம், தோல்நோய்க்கே பெயர்போன லீஷ்மேனியா டிராப்பிகா, 1991 வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் சிலரின் உள்ளுறுப்புகளில் காணப்பட்டது. டோனோவானி என்ற பெயரைக் கேட்டு மலையோரக் குடும்பங்களை அச்சுறுத்துவதும், தோல்புண்தானே என்று அலட்சியம் செய்வதும் ஒருங்கே தவறு.

அந்தக் காப்பகத்தின் ஒரு பகுதி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பேச்சிப்பாறைக்கு மேலே மோதிரமலை, தச்சமலை போன்ற காணிக் குடியிருப்புகளில், வலியின்றிப் பல வாரங்கள் ஆறாமல் நிற்கும் புண்ணோடு ஒருவர் வந்தால், களிம்பு கொடுத்து அனுப்பிவிடாமல் புண்ணின் ஓரத்திலிருந்து மாதிரி எடுத்து லீஷ்மேனியாவுக்காகச் சோதிக்க வேண்டும். அது லீஷ்மேனியா என்று தெரிந்தால் மரபணு ஆய்வின் மூலம் எந்தச் சிற்றினம், கேரளத்திலும் இலங்கையிலும் கிடைத்த மாதிரிகளோடு எவ்வளவு நெருக்கமானது என்பதையும் பார்க்க வேண்டும். நோயாளியின் மண்ணீரலையும் ஒருமுறை தொட்டுப் பார்த்து, பின்னரும் சில காலம் கவனித்து வர வேண்டும். மாவட்டச் சுகாதார அலுவலர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இவ்வளவே.

தங்களிடம் வைப்பது இன்னும் சிறியது. விலங்குச் சோதனை பற்றிய செய்தியில் எந்தச் சிற்றினம், எந்த விலங்கு, எந்த உறுப்பு, மருந்து கொடுக்காத விலங்குக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். இடம் போதாதென்றால் தலைப்பிலுள்ள ‘வெற்றி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு இடம் செய்துகொள்ளலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.