பங்குப் பொதுநிலையினர் வாசகர் வட்டம்: 2025–26ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, அன்பு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் முறையாக நடந்தன. மழையால் தள்ளிவைத்த நவம்பர்க் கூட்டத்தை டிசம்பரில் நடத்தி ஈடுசெய்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். ஆகவே, இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட ஒரே பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை ஆண்டு முழுவதும் படிப்பதென்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. 1826 அக்டோபர் 11 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தவர். வரும் அக்டோபரில் அவருடைய இருநூறாவது பிறந்தநாள் வருகிறது. 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879, தமிழின் முதல் நாவல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். பெரும்பாலோர் அதோடு விட்டுவிட்டோம். அவர் கடவுளைப் பற்றியும் மாதாவைப் பற்றியும் எழுதியவற்றை மறைக்கல்வி வகுப்புகளில்கூட எடுத்துப் படிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்த்துக்கொண்ட ஆண்டு இது.

அவர் குருவானவர் அல்லர், குருமடத்தில் படித்தவரும் அல்லர். நீதிமன்றத்தில் ஆவணக்காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப், அதாவது கீழ் நீதிமன்ற நீதிபதி, ஆனார். பிறகு சீர்காழி, அதன்பின் இன்றைய மயிலாடுதுறையான மாயூரத்தில் 13 ஆண்டுகள். நீதிமன்றங்களின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வெளியிட்டவரும் இவர்தாம். வழக்காடுபவனுக்குத் தன் வழக்கு எந்தச் சட்டத்தால் தீர்கிறது என்று தன் மொழியில் தெரிய வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. நாவலிலும் இதே அக்கறையைக் காணலாம். நீதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், கட்சிக்காரனும் தமிழன் என்றிருக்க, வாதம் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறார்.

ஜூலையில் 'நீதி நூ'லைத் தொடங்கினோம். 1859இல் வந்த இந்நூல் தெய்வம் உண்டென்று நிறுவுவதில் தொடங்கி, தெய்வத்தின் தன்மைக்கும் வாழ்த்துக்கும் சென்று, பிறகே மனித ஒழுக்கத்துக்கு வருகிறது. கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைக் கண்டித்துத் தனி அதிகாரமே உண்டு. அரசுப் பணியில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் அதை உரக்க வாசித்தபோது கூடத்தில் நல்ல அமைதி நிலவியது. எனக்கு இந்த வரிசை முக்கியமாகப் படுகிறது. அன்றாடம் வழக்குக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், கடவுள் இருக்கிறார் என்பதிலிருந்து லஞ்சம் வாங்கக் கூடாது என்பது வரை இடைவெளி விடாமல் எழுதிக்கொண்டு போகிறார். இறையியல் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு எட்டாத படிப்பு என்று தயங்குகிறவர்கள் இந்நூலின் முதல் இரண்டு அதிகாரங்களையாவது படிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற மறு ஆண்டே, 1873இல், திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மை பதிகம் ஆகியவை வந்தன. நாங்கள் தேவமாதா அந்தாதியை எடுத்துக்கொண்டோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியையான நம் மூத்த உறுப்பினர் ஒவ்வொரு செய்யுளையும் கரும்பலகையில் எழுதி, சந்தி பிரித்து, பிறகு ராகத்தோடு படித்தார். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும்போது, ஜெபமாலையில் ஒரு மணியை விட்டு அடுத்த மணியை விரல் தொடுவது போலவே இருந்தது. முதலில் 'இது கடினத் தமிழ்' என்று பின்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர்கள், முடிவில் அடுத்த பாட்டின் முதல் சொல்லைத் தாங்களே முந்திக்கொண்டு சொன்னார்கள். பொருள் விளங்காத இடங்களும் இருந்தன. அவற்றைக் குறித்து வைத்திருக்கிறோம்.

பெரியநாயகி என்பது கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் மாதாவுக்குச் சூட்டிய பெயர். அங்கு ஒரு நாள் பயணம் சென்று வந்தோம். ஏற்பாடு செய்த இளையோர் குழுவுக்கு நன்றி.

இவ்வாண்டின் பெரிய விவாதம் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யைப் பற்றியது. 1878இல் வெளிவந்த இந்நூலில் எந்த மதத்தவரும் பாடத்தக்க வகையில் கடவுளை அழைக்கிறார். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லாமல் ஒரு கத்தோலிக்கர் எப்படிப் பாடலாம் என்று ஓர் உறுப்பினர் மனம் நொந்து கேட்டார். நியாயமான கேள்விதான். என் கருத்தை இங்கும் பதிவு செய்கிறேன். இதே மனிதர் 'சத்திய வேதக் கீர்த்தனை'யும் எழுதியிருக்கிறார். மாதாவுக்கு அந்தாதியும் பாடியிருக்கிறார். தம் விசுவாசத்தை அவர் எங்கும் மறைக்கவில்லை. படைத்தவர் ஒருவரே, அவரைத் தந்தையென்று எல்லாரும் அழைக்கலாம் என்ற அடிப்படையில் நின்று அண்டை அயலாரோடு சேர்ந்து பாட விரும்பினார். நீர்த்துப்போன பக்தி இப்படித் துணிந்து கதவு திறக்காது.

அந்த அயலார் யாரென்று பார்த்தாலும் இது விளங்கும். திருவாவடுதுறை ஆதீனம் என்ற சைவ மடத்தின் வித்துவான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் 'குளத்துக் கோவை' பாடினார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர்மீது இவர் செய்யுள் இயற்றினார். 1876–78 பஞ்சத்தில் இவர் பசித்தவர்களுக்கு வாரி வழங்கியதைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் 'நீயே புருஷ மேரு' என்று பாடினார். சைவப் புலவரும் நந்தனார் சரித்திரம் பாடியவரும் ஒரு கத்தோலிக்க முன்சீப்பைப் பாடிய ஊர் அன்றைய மாயூரம்.

குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஆணை 1965இல்தான் வந்தது. அந்தப் பணியை அதற்கு வெகு முன்பே செய்துவிட்டு, இவர் 1889 ஜூலை 21 அன்றே மறைந்துவிட்டார்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு முன்வைக்கும் தீர்மானங்கள்: அக்டோபர் 11 அன்று திருப்பலிக்குப் பின் தேவமாதா அந்தாதியை முழுமையாகப் பாராயணம் செய்வது, பாடகர் குழு சத்திய வேதக் கீர்த்தனைகளில் சிலவற்றைக் கற்றுப் பாடுவது, குறித்து வைத்த கடினச் செய்யுள்களுக்கு எளிய உரை எழுதி, மறைக்கல்வி ஆசிரியர்களிடம் கொடுப்பது. மூன்றாவது வேலை நீண்டது. உரை எழுத முன்வருபவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம்.

வேதநாயகரின் நூல்களின் பழைய பதிப்புகள் யார் வீட்டிலேனும் இருந்தால், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரும்படி வேண்டுகிறேன். படியெடுத்தவுடன் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்