மூச்சுக்கு 5 மார்க்தானா?

சிபாப் கருவிகளையும் (தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் மெஷின்) அவற்றோடு வரும் கைபேசிச் செயலிகளையும் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் அப்பா தென்காசிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 34 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் அவர் குறட்டை ஒரு குடும்பச் சொத்து மாதிரி. தாத்தாவுக்கும் இருந்ததாம். குறட்டை திடீரென்று நின்று, வீடே அமைதியாகி, பிறகு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவர் போல ஒரு பெரிய மூச்சு வரும். அந்த அமைதியைத்தான் நாங்கள் இத்தனை வருடமும் நல்ல தூக்கம் என்று நினைத்திருந்தோம். போன வருடம் ஸ்லீப் ஸ்டடி என்ற தூக்கப் பரிசோதனை செய்தபோது மணிக்கு 41 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று தெரிந்தது. 5க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 30ஐத் தாண்டினால் தீவிரம் என்றார் டாக்டர். அரை லட்சத்துக்கு மேல் செலவழித்து சிபாப் மெஷின் வாங்கினோம். இன்சூரன்ஸ் எதுவும் இல்லை, முழுக்க அவருடைய பென்ஷன் பணம்.

மெஷினைப் பற்றி எனக்குக் குறையில்லை. அது அவர் உயிரைக் காப்பாற்றுகிறது என்றே நம்புகிறேன். குறை, அதைப் பற்றிக் காலையில் எங்களுக்குச் சொல்கிற செயலி மீதுதான்.

தினமும் காலை 7 மணிக்கு அப்பா எனக்கு போன் செய்வார். "நேத்து 96ம்மா. நாலு மார்க் எங்க போச்சுன்னுதான் தெரியல." வாழ்நாள் முழுக்க மார்க் போட்டவருக்கு இப்போது ஒரு பெட்டி மார்க் போடுகிறது. அவருக்கு அதில் ஒரு குஷி. எனக்கும் நிம்மதி. ஆனால் இரண்டாம் மாதத்திலும் காலை பத்து மணிக்குப் பேப்பரை விரித்தால் பத்தரைக்கு அது நெஞ்சில் கிடக்கும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அம்மாதான் அதைச் சொன்னாள். "97 வாங்குற மனுஷன் எதுக்குடி பகல்ல இப்படி உறங்குறாரு?"

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் உங்கள் மார்க் எப்படிக் கூட்டப்படுகிறது என்று தெரிந்துகொண்டேன். நூற்றில் 70, மாஸ்க் போட்டிருந்த நேரத்துக்கு. மணிக்கு 10 வீதம் 7 மணி நேரத்தில் முழுசும் வந்துவிடும். 20, காற்றுக் கசியாமல் மாஸ்க் பொருந்தியதற்கு. 5, ராத்திரியில் அதை அதிகம் கழற்றி மாட்டாமல் இருந்ததற்கு. மீதி 5தான் மூச்சு எத்தனை முறை தடைப்பட்டது என்பதற்கு. எந்த நோய்க்காக மெஷின் வாங்கினோமோ அதற்கு நூற்றில் 5. ராத்திரி பூராவும் மாஸ்க்கை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு ஒருவர் மூச்சு அடைத்துக்கொண்டே கிடந்தாலும் அவருக்கு 95க்குக் குறையாது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "வகுப்புக்கு வந்து உக்காந்ததுக்கே எழுபதா?" என்றார்.

நேரத்துக்கு ஏன் அவ்வளவு கொடுத்தீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. மூக்கில் ஒரு குழாயைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகுவதுதான் இந்த வைத்தியத்தின் பெரிய பாடு. பாதிப் பேர் அலமாரியில் வைத்துவிடுவார்கள் என்று மெஷின் விற்றவரே சொன்னார். பழக வைக்க ஒரு மார்க், ஒரு பாராட்டு எல்லாம் சரி. ஆனால் அதை வருகைப் பதிவு என்று சொல்லுங்கள். தேர்ச்சி அறிக்கை மாதிரி காட்டாதீர்கள்.

அந்த 97 மார்க் ராத்திரிகளில் ஒன்றை நாங்கள் பிரித்துப் பார்த்தோம். மெஷினின் பக்கவாட்டில் ஒரு எஸ்.டி. கார்டு இருக்கிறது. அதை லேப்டாப்பில் செருகி, ஆஸ்கார் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஒவ்வொரு மூச்சும் தெரியும். ஆர்வலர்கள் சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிற மென்பொருள் அது. மூச்சுத் தடை மணிக்குச் சராசரி 11 என்று காட்டியது. உங்கள் செயலியிலும் அந்த எண் இருந்தது, பெரிய பச்சை வட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில். 7 மணி நேரத்துக்கு 77 தடவை. ஆனால் அவை ராத்திரி முழுக்கப் பரவி இல்லை. 11 மணியிலிருந்து 3 மணி வரை தடையைக் குறிக்கும் கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. 4 மணிக்கு மேல் மழைக்கு முன் எறும்பு வருகிற மாதிரி வரிசையாக வந்தன. அந்த 77இல் 50க்கு மேல் 4 மணிக்கும் 5.40க்கும் நடுவில்.

4.37க்கு ஓரிடத்தைப் பெரிதாக்கினேன். மூச்சு அலைகள் சின்னதாகிக்கொண்டே வந்து ஒரு நேர்கோடாகிவிட்டன. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்கு அருகே குனிந்து, பேனா முனையால் விநாடிகளை எண்ணினார். 38. அதற்கப்புறம் மூன்று பெரிய மூச்சுகள். பத்து மூச்சு ஒழுங்காக. மறுபடியும் நேர்கோடு. "இந்த விடைத்தாளுக்கா 97 போட்டான்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

உங்கள் கணக்கில் 10 விநாடி நின்றாலும் ஒன்று, 38 விநாடி நின்றாலும் ஒன்றுதான். அது நீங்கள் ஏற்படுத்திய விதி இல்லை, மருத்துவ விதி. அதை விடுங்கள். ஆனால் விடியற்காலையில் கனவுத் தூக்கம் நீண்டு வரும் என்பதும், அப்போது தொண்டைத் தசை ரொம்பத் தளர்ந்துபோகும் என்பதும், மல்லாந்து படுத்தால் இன்னும் மோசம் என்பதும் தூக்க வைத்தியத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை. அப்படியிருக்க, ராத்திரி முழுவதையும் ஒரே சராசரியாக்கி ஏன் தருகிறீர்கள்? அந்தப் படத்தை டாக்டரிடம் காட்டினோம். மெஷின் தரும் காற்றழுத்தம் உச்ச வரம்பான 10இல் முட்டி நிற்பதை அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்து வரம்பை 13 ஆக்கினார். (நாங்களாக எதையும் மாற்றவில்லை. அதை யாரும் செய்யவும் வேண்டாம்.) இரண்டு வாரத்தில் சராசரி 3க்கு வந்துவிட்டது. அந்தப் படம் எங்களுக்கு உங்களிடமிருந்து வரவில்லை, கார்டைப் பிடுங்கிச் செருகியதால் வந்தது. தென்காசியில் லேப்டாப் இல்லாத, மகள் இல்லாத ஒரு ஓய்வுபெற்றவர் என்ன செய்வார்?

இது இரண்டாம் மாதத்துக் கதை. முதல் மாதத்துக் கதை இதற்கு நேர் தலைகீழ். அப்போது அப்பாவுக்கு மாஸ்க் பழகவில்லை. 11 மணிக்குப் போடுவார், 3 மணி வாக்கில் தூக்கக் கலக்கத்தில் தானே கழற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார், 6 மணி வரை தூங்குவார். கழற்றியதே அவருக்கு நினைவிருக்காது. மார்க் குறைந்துதான் வந்தது, ஆனால் டாக்டருக்குப் போன அறிக்கையில் சராசரி 2 என்று இருந்தது. பிரமாதம்! ஏனென்றால் மாஸ்க் முகத்தில் இருக்கும்போது மட்டும்தான் மெஷின் எண்ணுகிறது.

அப்பா அதை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார். மாஸ்க்கோடு 4 மணி நேரம், மணிக்கு 2 வீதம் 8. மாஸ்க் இல்லாமல் 3 மணி நேரம், பழைய கணக்குப்படி மணிக்கு 41 வீதம் 123. மொத்தம் 131, ஏழால் வகுத்தால் கிட்டத்தட்ட 19. அறிக்கை சொன்னது 2. விடியற்காலையின் மோசமான மணி நேரங்கள்தான் விட்டுப்போனவை, அதனால் 19கூடக் குறைவான மதிப்பீடுதான். அதே அறிக்கையில், 4 மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்திய நாட்கள் 83 சதவீதம் என்று பச்சையில் வேறு.

இந்த 4 மணி எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு மெஷினுக்குத் தொடர்ந்து பணம் தர வேண்டுமானால், முதல் மூன்று மாதத்துக்குள் அடுத்தடுத்த 30 நாளில் 70 சதவீத ராத்திரிகளாவது 4 மணி நேரம் போட்டிருக்க வேண்டும் என்று ஒரு விதி. அங்கே பணம் கொடுக்கிறவன் கணக்குக் கேட்கிறான், சரி. இங்கே பணம் கொடுத்தது எங்கள் அப்பா. அவருக்கு வேண்டியது, படுத்ததிலிருந்து எழுந்தது வரை என்ன நடந்தது என்பது. மனிதன் 4 மணி நேரத்தில் எழுந்து போய்விடுவதில்லையே.

கசிவுக்கும் இதே கதிதான். எங்கள் மெஷினில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகக் கசிவு என்று கணக்கு. வேறொரு நிறுவனத்து மெஷின், மாஸ்க்கின் துளைகள் வழியாகப் போக வேண்டிய காற்றையும் சேர்த்துச் சொல்லும், அதில் 30, 40 என்பதெல்லாம் சாதாரணம். ஒரே மாஸ்க் போட்ட இரண்டு பேர் எண்களை ஒப்பிட்டுப் பயந்துபோவார்கள். அதைவிட முக்கியம், கசிவு ரொம்ப அதிகமான ராத்திரியில் மூச்சுக் கணக்கையே நம்ப முடியாது, மெஷினுக்கே சரியாகத் தெரியாது. அந்த ராத்திரிக்கும் ஒரு எண்ணைப் பதவிசாகப் போடுகிறீர்கள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியாவது வேண்டாமா? (அப்பாவின் கசிவுக்குக் காரணம் மீசை. மீசையை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். மாஸ்க்கைத்தான் மாற்றினோம்.)

இன்னொன்று. மூச்சு நிற்பதில் இரண்டு வகை. தொண்டை அடைத்து நிற்பது ஒன்று. தொண்டை திறந்தே இருந்தும் மூளை மூச்சுவிடு என்று சொல்லாமல் விடுவது இன்னொன்று. மெஷின் சின்னச் சின்னக் காற்றுத் துடிப்புகளை அனுப்பிப் பார்த்து இரண்டையும் பிரித்துக் குறித்தும் வைக்கிறது. இரண்டாவது வகை அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகாது, சிலருக்கு அதனாலேயே கூடவும் செய்யும். இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு அது ஒரு முக்கியமான தடயம். எங்கள் செயலியில் இரண்டும் ஒரே எண்ணாகக் கலந்து வருகிறது. கருவிக்குத் தெரிந்ததை அதன் சொந்தக்காரனிடம் மறைப்பதில் என்ன லாபம்? நோயாளி பயந்துவிடுவான் என்பீர்கள். எங்களைப் பயமுறுத்தியது அந்த 97தான்.

கரண்ட் போன ராத்திரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் 2.15க்குப் போய் 4 மணிக்கு வந்தது. காலையில் செயலி, மாஸ்க் அசௌகரியமாக இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டு, பட்டையைத் தளர்த்திப் பார்க்கச் சொன்னது. கரண்ட் இல்லை என்று சொல்ல அதில் ஓர் இடமும் இல்லை. அப்பா பட்டையைத் தளர்த்திவிட்டார். மறுநாள் கசிவு.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. மார்க் இருக்கட்டும், அதைத் தொட்டால் எது எதற்கு எத்தனை என்று காட்டுங்கள். படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் நாங்கள் எழுத ஒரு கட்டம் கொடுங்கள், மாஸ்க் இல்லாத மணி நேரத்தைப் பச்சையாக விடாமல் வெறுமையாகக் காட்டுங்கள். ராத்திரியை ஒரு நீளக் கோடாகப் போட்டு, எப்போது மூச்சு தடைப்பட்டது என்று புள்ளி வையுங்கள். கார்டில் இருப்பதைக் கைபேசியிலேயே இறக்கிக்கொள்ள விடுங்கள். தமிழில் எழுதுங்கள், ‘மூச்சுத் தடை மணிக்கு இத்தனை’ என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியும். இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. எல்லாம் ஏற்கெனவே அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

அப்பா இப்போது செயலியை அதிகம் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்து நீள நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறார். போன வாரம் ஊருக்குப் போனபோது பார்த்தேன். நேற்றைய வரி: "போட்டது 10.50. கழற்றியது 5.40. நடுவில் ஒருதரம் பாத்ரூம், 6 நிமிடம். மல்லாந்து படுக்கவில்லை (அவள் சாட்சி). தடை 2.8. பகல் உறக்கம் இல்லை. பேப்பர் முழுக்கப் படித்தாயிற்று." கடைசிக் கட்டத்துக்கு மார்க் என்று தலைப்பு. அதில் கோடு போட்டு அடித்திருக்கிறார்.

இப்படிக்கு,
அந்தக் கணக்கு வாத்தியாரின் மகள்