'சம்மர் அவர்ஸ்' பார்க்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

ஒலிவியே அஸ்ஸாயாஸ் இயக்கிய 'சம்மர் அவர்ஸ்' (2008) என்ற பிரெஞ்சுப் படத்தை இந்த வாரம் பார்க்கப்போவதாக எழுதியிருந்தாய். 103 நிமிடம்தான். ஆனால் போனை நோண்டிக்கொண்டே பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. சண்டை, சாவு எதையும் இந்தப் படம் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. கதையில் வரும் அம்மா எலேன் இறப்பதைக்கூடக் காட்டமாட்டார்கள். ஒரு காட்சியில் இருக்கிறாள்; சற்று நேரத்தில் மூத்த மகன் கல்லறைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தொடக்கத்தில் வரும் பிறந்தநாள் விருந்தை மட்டும் இரண்டு தடவை பார். எலேனுக்கு 75 வயது. பாரிஸுக்கு வெளியே தோட்டத்தோடு பழைய வீடு. உறவினரும் ஓவியருமான பால் பெர்த்தியே (கற்பனைப் பாத்திரம்தான்) விட்டுப்போன ஓவியங்கள், சாமான்கள். மூத்தவன் ஃப்ரெடெரிக் பாரிஸில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறான். மகள் அட்ரியென் நியூயார்க்கில் வடிவமைப்பாளர். கடைக்குட்டி ஜெரெமிக்கு சீனாவில் வேலை. பரிசாக என்ன தருகிறார்கள் பார்: வீட்டில் பல இடங்களில் வைத்துக்கொள்ளும் கம்பியில்லாத டெலிபோன் செட். அதை எப்படி இணைப்பது என்பதுதான் அவள் கவலை. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் போனைத்தான் வாங்கித் தருவார்கள், அதில் தப்பில்லை.

அதே நாளில் எலேன் மூத்தவனை மட்டும் தனியே அழைத்துப்போய் ஒவ்வொரு சாமானாகக் காட்டுகிறாள். எல்லாம் பெயர்பெற்ற கலைஞர்கள் செய்தவை: மஜோரெல் செய்த மேஜை, ஹாஃப்மன் அலமாரி, கோரோவின் இரண்டு ஓவியங்கள், ரெதோன் வரைந்து ஈரம் ஏறிப்போன ஓவியப் பலகைகள். பிள்ளைகள் சின்ன வயதில் உடைத்த தெகாவின் பிளாஸ்டர் சிலை, துண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் பையில். எது எங்கே போகவேண்டும் என்று அவள் தெளிவாக இருக்கிறாள். அவனோ 'இப்போது எதற்கு இந்தப் பேச்சு' என்று தட்டிக்கழிக்கிறான். வீடு அப்படியே இருக்கும் என்று நம்புகிறான். அன்புதான், ஆனால் காரியம் கெடுவது அங்கேதான். வாய்வார்த்தையாக, ஒருவனிடம் மட்டும், அதுவும் காதில் வாங்காதவனிடம் சொன்னது மற்ற இருவருக்கும் போய்ச் சேரவே இல்லை.

பிறகு மூவரும் உட்கார்ந்து பேசும் இரவுக் காட்சி. யாரும் குரலை உயர்த்துவதில்லை. அட்ரியெனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது, இனி அமெரிக்காதான். ஜெரெமி குடும்பத்தோடு சீனாவிலேயே தங்கப்போகிறான், அங்கே வீடு வாங்கப் பணம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறைகூட வரமுடியாத வீட்டுக்கு எதற்குக் கூரை மாற்றவேண்டும்? இருவர் விற்கலாம் என்கிறார்கள், ஒருவன் வேண்டாம் என்கிறான். கெட்டவர் யாரும் இல்லாததுதான் இந்தப் படத்தின் பலம். இளையவனைப் பேராசைக்காரனாகக் காட்டியிருந்தால் சாதாரண சொத்துத் தகராறாகப் போயிருக்கும்.

இங்கே பிரெஞ்சுச் சட்டம் கொஞ்சம் தெரிந்தால் படம் இன்னும் பிடிபடும். மூன்று பிள்ளைகள் இருந்தால் சொத்தில் முக்கால் பங்கு அவர்களுக்கு என்று சட்டமே ஒதுக்கிவிடும். பெற்றவர் இஷ்டப்படி எழுதக்கூடியது மீதிக் கால் பங்குதான். பிரிக்காத சொத்தில் பங்குள்ள எவரும் 'என் பாகத்தைக் கொடு' என்று கேட்கலாம், பொதுவாக மறுக்கமுடியாது. அதனால் ஃப்ரெடெரிக் வீம்பு பிடித்திருந்தாலும், மற்ற இருவர் பங்கையும் வாங்கப் பணம் இல்லாமல் வீட்டைக் காப்பாற்றியிருக்க முடியாது. பிரான்ஸுக்குள் ஒருவர் இறந்தால் வாரிசுகள் ஆறு மாதத்துக்குள் சொத்துக் கணக்கு கொடுத்து வரி கட்டவேண்டும். கலைப்பொருள் நிறைந்த வீட்டில் கையில் ரொக்கம் இருக்காது. அதற்காகத்தான் 1968 இறுதியில் ஒரு சட்டம் வந்தது: வரிக்குப் பதிலாக அரசுக்குக் கலைப்பொருளைக் கொடுக்கலாம், ஒரு குழு பார்த்து ஒப்புக்கொண்டால். பாரிஸின் பிக்காஸோ அருங்காட்சியகம் உருவானதே அவருடைய வாரிசுகள் இப்படிக் கொடுத்தவற்றால்தான். படத்தில் பாரிஸின் ஓர்சே கலை அருங்காட்சியக ஆட்கள் வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பதெல்லாம் இந்த வழியில்தான். படத்துக்கான யோசனையே ஓர்சேயிடமிருந்து, அதன் இருபதாவது ஆண்டையொட்டி வந்தது. திரையில் காணும் சாமான்களில் சில அங்கிருந்து வந்த அசல்கள்.

வீட்டு வேலைக்கார அம்மாள் எலோயீஸைத் தவறவிடாதே. ஞாபகமாக ஏதாவது எடுத்துக்கொள் என்கிறார்கள். விலை உயர்ந்ததைத் தொடக்கூடாது என்று, சாதாரணம் என்று நினைத்து ஒரு பூச்சாடியை எடுத்துக்கொள்கிறாள். அது விலைமதிப்புள்ள சாமான். அவளுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு என்னவோ, சொல்லாததே நல்லதாயிற்று. அவள் அதில் பூ வைப்பாள். ஓர்சேயில் கண்ணாடிக்குள் போனவற்றுக்கு இனி அந்தக் கொடுப்பினை இல்லை.

படம் முடிந்ததும் அண்ணனிடமும் பேசு. நம் வீட்டுச் சாமான் பட்டியலை எழுதத் தொடங்கியிருக்கிறேன்: பொருள், யாரிடமிருந்து வந்தது, என்ன பழுது, யாருக்கு என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தை நான் மட்டும் நிரப்பப்போவதில்லை. இருவருக்கும் ஒரே பிரதியை ஒரே நாளில் அனுப்புகிறேன். வேண்டாததை வேண்டாம் என்றே எழுது, மனசு கோணமாட்டேன்.

ஓர்சேக்குப் போனால் நடுத்தளத்தில் ஆர் நூவோ (1900 வாக்கில் பரவிய அலங்காரப் பாணி) அறைகளைப் பார். திங்களன்று விடுமுறை. வியாழனன்று இரவு 9.45 வரை திறந்திருக்கும், கூட்டம் குறைவு. அங்கே தங்கிப் படிக்கும் 26 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம், குடியிருப்பு அட்டையை மறக்காதே.

அம்மா